நாளைக்கு எத்தனை கிலோ

என் மகள் கயல் சைக்கிளிலிருந்து விழுந்து கணுக்காலை முறித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் நான் ஜெர்மனியைப் பார்த்திருக்கவே மாட்டேன். ஒட்டன்சத்திரத்தில் என் தம்பியும் நானும் காய்கறிக் கமிஷன் மண்டி நடத்துகிறோம். முகூர்த்த நாளில்கூடப் பூட்டாத கடை. அதைத் தம்பி தலையில் கட்டிவிட்டு, புளியும் மிளகாய்த்தூளும் மூட்டை கட்டிக்கொண்டு கயல் வேலை பார்க்கும் வால்டோர்ஃபில் போய் இறங்கினேன். ஊர் முழுக்கக் கம்ப்யூட்டர் பிள்ளைகள். பஸ் நிறுத்தத்தில் தெலுங்கு கேட்டது, தமிழ் கேட்டது, இந்தி கேட்டது. ஜெர்மன்தான் குறைச்சலாகக் கேட்டது.

இரண்டாம் நாளே ரயிலிடம் ஏமாந்தேன். கறிவேப்பிலை வாங்க மன்ஹைம் போய்விட்டுத் திரும்பும்போது நடுவழியில் ரயிலை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். முன்பாதி எங்கள் ஊர்ப் பக்கம் போனது. நான் உட்கார்ந்திருந்த பின்பாதி வேறு எங்கோ போனது. ஒலிபெருக்கியில் சொன்னார்களாம். என்னிடம் யார் சொன்னார்கள்? எதிரில் இருந்த அம்மாள் என் சீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டி, அடுத்த நிலையத்தில் என்னை இறக்கி, சரியான நடைமேடையில் கொண்டுபோய் நிறுத்தினாள். அதற்குள் அவளுடைய ரயில் போய்விட்டது. நன்றி சொல்ல எனக்கு ஜெர்மன் வராது, ஒரு கொத்து கறிவேப்பிலை கொடுத்தேன். மோந்து பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸுக்கு முக்கால் மணி நேரம் நின்றேன். வரவில்லை. கிறிஸ்தவர்களின் நற்கருணைப் பெருவிழாவாம், ஊரே விடுமுறையாம், கடையெல்லாம் அடைப்பாம். மண்டிக்காரி சமையல்கட்டில் ஒரு வெங்காயம்கூட இல்லை, இந்தக் கேவலத்தை எங்கே போய்ச் சொல்வது? கோபத்தில் நடக்க ஆரம்பித்தேன். ஊர் முடிந்ததும் வயல். தூரத்தில் பளபளவென்று தெரிந்ததை ஏரி என்று நினைத்தேன். கிட்டே போனால் பிளாஸ்டிக் தாள். நீள நீளமாக மண்ணைக் குவித்து, அதன்மேல் தாளை இழுத்துப் போர்த்தியிருக்கிறார்கள்.

சாலையோரத்தில் மரப்பலகையால் அடித்த ஒரு சின்னக் கடை திறந்திருந்தது. உள்ளே இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் ஒருவர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கள் இந்தியாவோ?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெயர் சூசைதாசன், மன்னார்க்காரர், வயது அறுபத்தொன்று. சண்டைக்காலத்தில் அகதியாக வந்து, உணவகத்தில் பாத்திரம் கழுவி, கட்டட வேலை பார்த்து, கடைசியில் இந்தப் பண்ணையில் சேர்ந்து இருபத்தெட்டு வருடமாகிறது. மனைவி ரீட்டா முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார். காலையில் இருவரும் கோயில் பவனிக்குப் போய்விட்டு, இவர் மட்டும் நேராகக் கடைக்கு வந்திருக்கிறார். தன்னைச் சூசை அண்ணை என்று கூப்பிடச் சொன்னார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் அண்ணே என்றேன்.

அவர் விற்றது ஷ்பார்கல். நம் தண்ணீர்விட்டான் கிழங்குக்குச் சொந்தக்காரச் செடி. இவர்கள் கிழங்கை விட்டுவிட்டு, மண்ணுக்குள்ளிருந்து முட்டிக்கொண்டு வருகிற குருத்தைத் தின்கிறார்கள். கட்டைவிரல் கனம், ஒரு சாண் நீளம், வெளிச்சம் படாமல் வெளுத்த நிறம். ஒரு கிலோ வாங்கிப்போய், கயல் சொன்னபடி வேகவைத்து வெண்ணெய் ஊற்றித் தின்றேன். காய்ச்சல்காரருக்குக் கொடுக்கிற பத்தியம் போல இருந்தது. மறுநாள் சூசை அண்ணே சொன்னபடி பச்சைமிளகாய் கீறிப்போட்டுத் தேங்காய்ப்பாலில் சொதி வைத்தேன். அதற்குப் பிறகு நான் அந்தக் காயைக் குறை சொல்ல வாயைத் திறக்கவில்லை.

தொழில் பார்த்தவளுக்கு அடுத்தவர் தொழிலைப் பார்க்காமல் இருக்க முடியுமா? சனிக்கிழமை காலையே பண்ணைக்குப் போய்விட்டேன். முதலாளி காரின் என்னும் அம்மாள், என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கை குலுக்கினால் நம் கை நோகிறது. அப்பாவிடமிருந்து வந்த ஏழரை ஏக்கர். அவள், சூசை அண்ணே, ருமேனியாவிலிருந்து பருவத்துக்கு வருகிற நான்கு பேர், அவ்வளவுதான் பண்ணை. தாளைத் தூக்கி, மண்ணில் விரிசல் தெரிகிற இடத்தில் விரலை விட்டுத் தோண்டி, நீளக் கத்தியால் அடியில் வெட்டுகிறார்கள். விடிவதற்கு முன் ஆரம்பித்துப் பத்து மணிக்குள் முடித்து, கழுவிக் குளிர வைத்துவிடுகிறார்கள்.

சரக்கு போகிற இடத்தை அவர்கள் ஏதோ நீளப் பெயரால் சொன்னார்கள். நான் மண்டி என்றே சொல்கிறேன். சுற்று வட்டாரத்துச் சரக்கெல்லாம் அங்கே போய்த் தரம் பிரித்துப் பெரிய கடைகளுக்குப் போகிறது. சூசை அண்ணேவோடு வேனில் நானும் ஏறிக்கொண்டேன். எங்களுக்கு ஒதுக்கிய நேரம் மதியம் மூன்று பத்து. பக்கத்துப் பெரிய தோட்டத்து லாரிகள் காலை எட்டு மணிக்கே இறக்கிவிட்டுப் போயிருந்தன. ஐந்நூறு ஏக்கர் தோட்டம் அது. நாங்கள் வெயிலில் நின்றோம்.

உள்ளே ஒரு இயந்திரம் ஒவ்வொரு குருத்தையும் கண் சிமிட்டுகிற நேரத்தில் படம் பிடித்து, அதனதன் தட்டில் தள்ளியது. முப்பது வருடம் வெங்காயம் தரம் பிரித்த கை என்னுடையது. சும்மா சொல்லக்கூடாது, வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன். ஆனால் எங்கள் பெட்டிகள் போனபோது பாதி இரண்டாம் தரத் தட்டில் விழுந்தது. நுனியில் லேசாக ஊதா ஏறிவிட்டது, வெட்டுவாய் காய்ந்துவிட்டது. காலையில் நான் பார்த்தபோது பால் வெள்ளையாக இருந்த சரக்கு.

திரும்பி வரும்போது சூசை அண்ணே விளக்கினார். நாளைக்கு எத்தனை கிலோ வரும் என்று ஒவ்வொரு பண்ணையும் முதல்நாள் மாலையே கைபேசியில் எழுதி அனுப்ப வேண்டும். மறுநாள் வருகிற சரக்கோடு அதை ஒரு செயற்கை அறிவு ஒப்பிட்டு, யாரை எவ்வளவு நம்பலாம் என்று புள்ளி போடுகிறது. பச்சை வாங்கினவனுக்குக் காலை நேரம், மஞ்சளுக்கு மதியம், சிவப்புக்கு எல்லோருக்கும் பிறகு. பிறகு போனால் சரக்கு வாடும், வாடினால் படக்கருவி தரத்தைக் குறைக்கும், தரம் குறைந்தால் புள்ளி இன்னும் இறங்கும். காரின் சிவப்பில் இருந்தாள். பருவம் முடியும்போதும் சிவப்பிலேயே இருந்தால் அடுத்த வருடம் மண்டியில் இடம் கிடையாது என்று கடிதம் வந்துவிட்டது. சாலையோரக் கடையை நம்பி ஏழரை ஏக்கரை நடத்த முடியாது.

"பெரிய தோட்டத்துக்காரன் என்ன எழுதுறான்?" என்று கேட்டேன்.

"அவன் ஒண்டும் எழுதுறேல்லை, தங்கச்சி. தாளுக்குக் கீழ மண்ணில கருவி வைச்சிருக்கிறான். அதுவே கணக்குப் பார்த்து அனுப்பும். நாங்களும் கேட்டனாங்கள். உங்கட காணி சின்னன், உதுக்குள்ள வைச்சுப் பிரயோசனமில்லை எண்டு சொல்லிப்போட்டினம்."

அன்று மாலை கழுவும் கொட்டகையில் அவர் எழுதி அனுப்புவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். காரினுக்குக் கைபேசியோடு மல்லுக்கட்டப் பொறுமை கிடையாது, இரண்டு வருடமாக அது இவர் பொறுப்பு. வயலை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து, நானூறு கிலோ நிச்சயம் வரும் என்று என்னிடம் சொன்னார். முந்நூற்றைம்பது என்று எழுதினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எதற்குக் கேட்பது? விளைச்சலை முழுசாக வாய்விட்டுச் சொல்லுகிற விவசாயியை நான் பார்த்ததே இல்லை. என் மண்டிக்கு வருகிறவர்கள் இருபது மூட்டையை வயலில் வைத்துக்கொண்டு, "ஏதோ பத்துப் பதினஞ்சு தேறும்க்கா" என்பார்கள். கண் பட்டுவிடுமே. சூசை அண்ணேவும் அதையேதான் நாவூறு என்றார். குறைத்துச் சொல்லிவிட்டுக் கூடக் கொண்டுபோய் இறக்கினால் எடுக்கிறவருக்கும் சந்தோஷம்தானே என்றார். நானும் ஆமாம் போட்டேன்.

இரவுச் சாப்பாட்டின்போது கயலிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன், கடல் தாண்டி வந்தும் நம் ஆட்கள் புத்தி மாறவில்லை பார் என்று. அவள் சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"தெனமும் கம்மியாத்தான் போடுறாராம்மா?"

"ஆமா. அதுல என்ன?"

"மெஷினுக்கு அது நல்ல மனசுன்னு தெரியாதும்மா. சொன்னது முந்நூத்தி அம்பது, வந்தது நானூறு. அம்பது கிலோ தப்பு. கம்மியா வந்தாலும் தப்பு, கூட வந்தாலும் தப்பு. அதுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கூடக் கொண்டுவந்தவனைத் தண்டிக்கிற மண்டியை நான் என் ஆயுசில் கேள்விப்பட்டதில்லை. ஒருவர் பதினைந்து என்றால் இருபது என்று நானே மனசுக்குள் கூட்டிக்கொள்வேன். இந்த ஆள் எப்போதும் குறைத்துச் சொல்கிறவர் என்று அத்தனை அறிவுள்ள இயந்திரத்துக்குத் தெரியாதா என்று மகளிடம் சண்டைக்குப் போனேன். அவள் சம்பளப் பட்டியல் மென்பொருளில் வேலை பார்க்கிறவள், பாவம், இந்த இயந்திரத்தைச் செய்தவள் அல்ல. கற்றுக்கொள்ள அதற்கு டேட்டா வேண்டும் என்றாள். பெரிய தோட்டத்திலிருந்து கால் மணிக்கு ஒரு தடவை கணக்குப் போகிறது. சூசை அண்ணேவிடமிருந்து ஒரு நாளைக்கு ஒரே ஒரு எண். ஒரு மனிதனின் பழக்கத்தைப் படிக்க அது போதாது, படித்தாக வேண்டும் என்று யாரும் அதற்குச் சொல்லவும் இல்லை.

மறுநாள் ஞாயிறு. பருவத்தில் அவர்களுக்கு ஞாயிறும் கிடையாது. கொட்டகையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன். நயமாகச் சொல்ல எனக்கு வராது. விலை சொல்கிற மாதிரி பட்டென்று சொல்லிவிட்டேன், இன்றுவரை அதற்காக வருத்தப்படுகிறேன். அவர் கையில் இருந்த பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தார்.

"அப்ப நான்தானோ உதைச் செய்தது?" என்றார்.

அன்று மாலை அவர் வயலை மூன்று தடவை சுற்றினார். நானூற்றிருபது என்று, மனசில் தோன்றியதைத் தோன்றியபடியே எழுதினார். விடிகாலையில் குளிர் இறங்கிவிட்டது. மண் சில்லிட்டால் குருத்து வளராதாம். வந்தது இருநூற்றுத்தொண்ணூறு. புள்ளி ஒரே நாளில் அதுவரை விழாத அளவுக்கு விழுந்தது.

கயலிடம் கேட்டேன், உண்மையைச் சொன்னதற்கும் இதுதான் கூலியா என்று. அவள் தட்டில் இருந்த சாதத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் காட்டினாள். ஐந்நூறு ஏக்கரில் ஒரு மூலையில் குறைந்தால் இன்னொரு மூலையில் கூடும்; மொத்தத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. ஏழரை ஏக்கருக்கு ஒரே வானம், ஒரே மண். ஒரு ராத்திரிக் குளிர் மொத்தத்தையும் சாய்த்துவிடும். சூசை அங்கிள் முதல் நாளிலிருந்து சரியாகவே எழுதியிருந்தாலும் மஞ்சளுக்கு மேல் ஏறியிருக்க மாட்டார்கள், அநேகமாகச் சிவப்புதான் என்றாள். இதையும் கொண்டுபோய் அவரிடம் சொன்னேன். காதில் வாங்கிக்கொண்டார், மனசில் வாங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அவர் காரினிடம் ஒப்புக்கொண்டார். நான் அப்போது கொட்டகை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். ஜெர்மனில் பேசியதால் எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் இவர் குரல் தாழ்ந்துகொண்டே போனதும், அவள் நடுவில் ஒரே ஒரு கேள்வி கேட்டதும் தெரிந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டாளாம். துவக்கத்திலிருந்து என்றாராம். அவள் கத்தவில்லை. கை நீட்டினாள். அவர் கைபேசியைக் கொடுத்தார். மேல்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள்.

அவர் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றார். காரின் வீட்டுச் சாவி இருபத்தெட்டு வருடமாகத் தன்னிடம் இருக்கிறது என்றார். நான் ஃபிளாஸ்கில் கொண்டுபோயிருந்த காப்பியை ஊற்றிக் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

மூன்று நாள் காரினே எழுதினாள். அவள் அந்த மண்ணிலேயே பிறந்தவள், குறைத்துச் சொல்கிற பழக்கம் இல்லாதவள். முதல் நாள் எழுபது கிலோ தவறு. இரண்டாம் நாள் நூற்றுப்பத்து. மூன்றாம் நாள் மழை. ருமேனியாக்காரர்களில் இருவருக்கு முதுகுப் பிடிப்பு. வெட்ட ஆள் இல்லாமல் பாதி வயல் நின்றுவிட்டது. பெரிய தோட்டத்தில் இருவர் படுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. நான்காம் நாள் காரின் வந்து, கைபேசியைச் சூசை அண்ணேவுக்குப் பக்கத்தில் இருந்த பெட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை அவர் எழுதிய எண்ணை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை மண்டியிலிருந்து முடிவு வந்தது. கையெழுத்துக்கூட இல்லாத இரண்டு வரி. அடுத்த பருவத்துக்கான சப்ளையர் பட்டியலில் உங்கள் பண்ணை இல்லை, இதுவரை ஒத்துழைத்ததற்கு நன்றி. சூசை அண்ணே அதைத் தமிழில் படித்துக் காட்டினார். யாரிடம் போய்ப் பேசுவது என்று கேட்டேன். பேச ஆள் இல்லை, ஒரு படிவம்தான் இருக்கிறது, காரின் நிரப்பி அனுப்பினாளாம். அதற்கும் அந்த இயந்திரம்தான் பதில் அனுப்பியதாம். எங்கள் ஊரில் நான் ஒரு விவசாயி சரக்கை வேண்டாம் என்று சொன்னால், அவன் என் கடை வாசலில் நின்று என் பரம்பரையையே திட்டிவிட்டுப் போவான். சாயங்காலமே டீக்கடையில் பார்த்துக்கொள்வோம், சமாதானமும் ஆகும். இங்கே திட்டுவதற்காவது ஒரு முகம் வேண்டுமே!

பக்கத்துப் பெரிய தோட்டத்துக்காரர் அன்று மாலையே வந்துவிட்டார், நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு. நல்ல மனிதர்தான், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு நின்று பேசினார். குருத்துத் தோட்டத்தை உழுது புரட்டிவிட்டு மக்காச்சோளம் போடுவாராம். காரின் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பினாள். சூசை அண்ணே வேலைவாய்ப்பு அலுவலகத்தில் போய்ப் பார்க்க நேரம் கேட்டு ஒரு டெர்மின் எடுத்துவிட்டார். "அறுவத்தொரு வயசில ஆர் என்னை எடுப்பினம்?" என்று சிரித்தார். என்னால் சேர்ந்து சிரிக்க ஏலவில்லை. பாருங்கள், அவர் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மறுநாள் ஜூன் இருபத்து நான்கு, அருளப்பர் திருநாள். அன்றோடு வெட்டை நிறுத்திவிட வேண்டும் என்பது அந்த நாட்டில் எழுதாத சட்டம். அதற்குப் பிறகு வருகிற குருத்துகளைத் தொடாமல் விட்டால் அவை மேலே கிளம்பிப் பச்சைப் புதராகி, கோடை முழுக்க வேருக்குச் சோறு போடும். அந்தச் சோறுதான் அடுத்த வருடம் குருத்தாக வரும். மதியம் எல்லோருக்கும் காரின் விருந்து வைத்தாள். என்னையும் கயலையும் கூப்பிட்டிருந்தாள். கயல் ஊன்றுகோலோடு வந்தாள். முட்டைத் தோசையைப் பிய்த்துப் போட்டதுபோல் ஒரு பலகாரம், பன்றித் தொடைக்கறி, கடைசி வெட்டில் வந்த குருத்து, கூடவே ரீட்டா கொண்டுவந்த சொதி. காரின் இரண்டு தடவை சொதி வாங்கிக்கொண்டாள். நான் ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள்தான் இருந்தது. எழுந்திருக்கும்போது காரின் என் கையைப் பிடித்தாள், விட நேரமாயிற்று.

இருபத்தைந்தாம் தேதி காலை, ரீட்டாவின் சொதிச் சட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கொட்டகையில் ஆள் இல்லை. வயல் பக்கம் எட்டிப் பார்த்தால் தாளெல்லாம் தூக்கிக் கிடக்கிறது, ஆறு பேரும் குனிந்து நிற்கிறார்கள். எனக்குத்தான் தேதி குழம்பிவிட்டதோ என்று கைபேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். குழம்பவில்லை.

"நேத்தோட முடிஞ்சதுன்னு சொன்னீங்களே அண்ணே?"

சூசை அண்ணே நிமிரவில்லை. "ஓம், தங்கச்சி. விடுறது அடுத்த வருசத்துக்கு. அடுத்த வருசம் இல்லையெண்டால் வேருக்கு ஏன் விடுவான்? காரின் உள்ளதெல்லாத்தையும் வெட்டச் சொல்லிப்போட்டா."

அடுத்த வரிசையில் காரின், விரல் கனம்கூட இல்லாத பிஞ்சுகளைப் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள். வெட்டி எடுத்த குழியை மண் தள்ளி மூடி, தட்டி, அதன்மேல் தாளைப் போர்த்திவிட்டுத்தான் அடுத்ததற்கு நகர வேண்டும், வெளிச்சம் படக்கூடாது. அன்றைக்கு யாரும் எதையும் மூடவில்லை.